ஐஸ் பிளான்ட்டைத் திறந்து காட்டினேன்

கோட்டைப்பட்டினத்தில் சின்னதாக ஐஸ் பிளான்ட் நடத்துகிறேன். கரண்ட் செலவைக் குறைக்க, பக்கத்து பிளான்ட் ரஃபீக் அண்ணனும் நானும் சேர்ந்து ஓர் இன்ஜினியரை வரவழைத்தோம். என் கம்ப்ரஸரில் லேசான அம்மோனியா கசிவு இருப்பதாக அவர் சொன்னபோது உடனிருந்தவர் அண்ணன் மட்டும்தான். அன்றைக்கே அடைத்துவிட்டோம்.

மறுவாரம், வழக்கமாக ஐஸ் வாங்கும் படகுக்காரர் தயங்கினார். “ஒங்க ஐஸ்ல அம்மோனியா கலக்குதாமே. மீன் விலைபோகாதுங்கிறாங்க.”

நேராக அண்ணனிடம் போனேன். “நீங்களாண்ணே சொன்னீங்க?”

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. “நான் பொய் சொல்லலையே, தங்கச்சி. கசிவு இருந்துச்சுல்ல.”

“அடைச்சதையும் பாத்தீங்களே.”

அவர் திரும்பித் தன் பிளான்ட்டுக்குள் போய்விட்டார்.

இப்போது கரண்ட் பில் குறைந்திருக்கிறது. ஐஸில் குறை இல்லை என்று கண்டு, விலகிப்போன படகுக்காரர்களும் ஒவ்வொருவராகத் திரும்பி வந்துவிட்டார்கள். ஆனால் பிளான்ட்டில் எது பழுதானாலும், கூடப்பிறந்தவரிடம் சொல்வதுபோல் மனம்விட்டுச் சொல்ல எனக்கு ஒருவரும் இல்லை.