பிரபுவின் தம்பியும் என் மைத்துனரும்

திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் வெயிலில் உட்கார்ந்துகொண்டு அயர்லாந்துப் பிரபு ஒருவரின் வாழ்க்கை வரலாற்றைத் தமிழாக்குகிறவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஆங்கிலேய வம்சம், அயர்லாந்தில் நிலம், லண்டன் நாடாளுமன்றத்தில் இடம். லண்டனில் அவர் ஐரிஷ்காரர், அயர்லாந்தில் ஆங்கிலேயர். பாவம், இரண்டு ஊரிலும் ஏச்சுதான்.

என் மனைவி எங்கள் ஊராட்சித் தலைவர். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், "இன்னைக்கு உங்க பிரபு என்ன செஞ்சாரு?" என்பாள். டிவி சீரியலைக்கூட அவள் அவ்வளவு ஆசையாகப் பார்த்ததில்லை.

அப்போது அவளுக்கு ஒரு தலைவலி. தெற்குத் தெருக்காரர்கள் சுடுகாட்டுக்குப் போகிற பொதுப்பாதையை அவளுடைய அண்ணன் தன் பருத்திக்காட்டோடு சேர்த்து உழுதுவிட்டார். பிணத்தைத் தூக்கிக்கொண்டு வரப்பில் தடுமாறினார்கள். அளந்து மீட்கத் தீர்மானம் போட வேண்டும். அடுத்த மாதமோ எங்கள் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்துவது வழக்கம். இருப்பது ஒரே மாமன்.

"பாதையில கைய வச்சேன்னா உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அந்த வாரம்தானா அந்த அத்தியாயம் வரவேண்டும்! உழுகிற குத்தகைக்காரனுக்கே நிலம் சேரட்டும் என்று சொந்த ஆட்களை எதிர்த்து பிரபு வாக்களிக்கிறார். கூடப்பிறந்த தம்பி பேச்சை நிறுத்திவிடுகிறான்.

"அப்புறம் தம்பி வந்தாரா?"

"சாவுக்குக்கூட வரல."

"நல்ல ஆளாப் பாத்துப் பிடிச்சீக" என்று எழுந்து போய்விட்டாள்.

எனக்குக் கோபம் வந்தது. புத்தகத்தில் இருப்பதை நான் மாற்றவா முடியும்? உள்ளுக்குள் பயமும் இருந்தது.

மறுநாள் கூட்டத்தில் தீர்மானத்தை அவளே வாசித்து நிறைவேற்றினாள். பத்துப் பதினைந்து நாளில் பாதை வந்துவிட்டது.

காதுகுத்தன்று எல்லோரும் பந்தல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம். அருப்புக்கோட்டையிலிருந்து வந்த ஆசாரி, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று முணுமுணுத்தார். அப்போதுதான் அண்ணன் சீர்த் தட்டோடு வந்தார். மருமகளை மடியில் வைத்துக்கொண்டார். அவள் அழுதபோது காதில் ஊதிவிட்டார்; அவர் கண்ணும் கலங்கியது. தங்கை பக்கம் மட்டும் திரும்பவே இல்லை.

"சாப்பிட்டுட்டுப் போங்கண்ணே" என்றாள்.

"பிள்ளைக்காக வந்தேன் மாப்ள" என்று என்னிடம் சொல்லிவிட்டு பைக்கை எடுத்தார்.

"வந்தாகல்ல, அதுவே பெருசு" என்று அவளைத் தேற்றினேன். கடைசிப் பந்திவரை நின்று எல்லோருக்கும் பரிமாறியவள், அன்று முழுக்கச் சாப்பிடவே இல்லை.