மேல் வரிசையும் தொடங்கலாம்

கீரிப்பாறைத் தோட்டத்தில் பால் வெட்டத் தொடங்கும் முன் ரெஜிலா முதல் ரப்பர் மரத்தைக் கத்தியின் பின்புறத்தால் மெதுவாக ஒரு தட்டுத் தட்டுவாள். பல வருடமாகப் பார்க்கிறேன், ஒரே ஒரு நாள்தான் தவறியது.

"ஜனாதிபதிய எழுப்புதேன் எக்கா" என்பாள்.

அரசு வேலைத் தேர்வுக்குப் படிக்கிறாள். புத்தகம் வீட்டில், பாடம் தோட்டத்தில். பாதைக்குக் கீழே அவள் வெட்டும் மரங்கள் மக்களவை. மேலே நான் வெட்டுபவை மாநிலங்களவை. முதல் மரம் ஜனாதிபதி, அடுத்தது துணை ஜனாதிபதி. கடைசியில், யாரும் கத்தி வைக்காத அயனி மரம் தலைமை நீதிபதி. பனி இறங்கும் காலைகளில் சபை கூடி எங்களுக்காகக் காத்திருப்பதுபோல் தோன்றும்.

போன வருடம் முதல் மரத்தில் பால் வற்றியது. வெட்டித் தள்ளுவதற்குக் குறி போட சூப்பர்வைசர் தங்கையன் வந்தார். ரெஜிலா குறுக்கே வந்தாள்.

"அப்படி எளுப்பமா நீக்க முடியாது சார். அரசியல் சாசனத்த மீறினாருன்னு குற்றம் சாட்டணும். கால்வாசி உறுப்பினரு கையெழுத்து, பதினாலு நாள் நோட்டீஸ், பிறவு மூணுல ரெண்டு பங்கு ஓட்டு. எக்கா, அடுத்து உங்க சபை விசாரிக்கணும். அங்கயும் அதே ஓட்டு கிடைச்சாதான் அவரு போவாரு."

"பால் தரல்ல, அதுதான் குற்றம்" என்று தங்கையன் சிரித்தார். என் மரங்களும் என்னைப்போல் பேசாமல் நின்றன.

மரம் போனதும் ரெஜிலா இரண்டாவது மரத்தைத் தட்டினாள். ஆறு மாதத்துக்குள் தேர்தல், அதுவரை துணை ஜனாதிபதி, அவரும் இல்லையென்றால் அயனி என்றாள்.

"இந்தத் தடவ கிட்டலேன்னா புத்தகத்த எல்லாம் பழைய கடைக்குப் போட்டிருவேன்" என்று அவள் அம்மா ராஜபாய் சொல்லியிருந்தாள்.

தேர்வு முடிந்த மறுநாள் ரெஜிலா மரத்தைத் தட்டவில்லை.

"குற்றச்சாட்ட எந்த அவை தொடங்கலாம்னு கேட்டிருந்துது எக்கா. கண்ண மூடினேன், நம்ம தோட்டம் வந்துது. எப்பவும் நான்தானே முதல்ல பேசுவேன், நீங்க கேப்பிய. மக்களவை மட்டும்னு விடைத்தாள்ல வட்டத்த கறுப்பிச்சிட்டேன்."

"அப்போ எது சரி?"

"ரெண்டுல எதுவும் தொடங்கலாம்."

முடிவு வந்தபோது தேர்ச்சிக்கு அந்த ஒரு கேள்வியின் மதிப்பெண்தான் குறைந்திருந்தது. ராஜபாய் புத்தகங்களைச் சாக்கில் கட்டி வாசலில் வைத்தாள். ரெஜிலா சுவரில் சாய்ந்து நின்றாள். நான் வாசல் ஏறினேன்.

"மாமி, மூணுல ரெண்டு பங்கு இல்லாம நீக்க முடியாது. அவளும் நானும் வேண்டாம்னு சொல்லுதோம். நீங்க ஒருத்திதான்."

ராஜபாய் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏட்டி, உனக்கு வாய் உண்டா?" என்றவள், சாக்கின் கட்டை அவிழ்த்தாள். "இன்னும் ஒரு தடவ. அவ்வளவுதான்."

இப்போது சில காலைகளில் மேல் வரிசையிலிருந்து நான் பேச்சைத் தொடங்குகிறேன். இரண்டாவது மரம் தேர்தலில் ஜெயித்து, முழு ஐந்து வருடத்துக்கு ஜனாதிபதியாக நிற்கிறது. ரெஜிலாவுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. அடுத்த தேர்வுக்கு விண்ணப்பித்திருக்கிறாள். புத்தகங்கள் வீட்டில் இருக்கின்றன.