கதவு சாத்தியதற்குப் பிறகு

ஊரில் இரண்டரை மணி நேரம் ஓடும் படம் இங்கே ஓமானில், ரூவியில் சற்று முன்னதாகவே முடிந்துவிடும். விளம்பரங்கள் குறைவு, அதனால்தான் என்று பல வருடங்களாக நினைத்திருந்தேன். படம் விட்டதும் கூட்டமில்லாத பஸ் கிடைக்கிறதே என்று சந்தோஷம் வேறு.

நான் இங்கே ஒரு பெயின்ட் கடையில் ஸ்டோர் பார்க்கிறேன். பத்தாவது வரை படித்தவன். நாலு பேர் முன்னால் பேச வராது. சினிமாவில் சேரவேண்டும் என்ற இளவயது ஆசையை யாரிடமும் சொன்னதில்லை. போன வருடம்தான் செல்போனில் ஒரு திரைப்பட ரசனை வகுப்பில் சேர்ந்தேன். சென்னையிலிருந்து ஓர் ஆசிரியர் வெள்ளிக்கிழமைகளில் நடத்துகிறார். கடைசிக் கட்டுரையை நன்றாக எழுதும் ஒருவரைத் தன் கதை டிஸ்கஷனில் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். விசாவை முடித்துக்கொண்டு ஊர் திரும்ப எனக்குத் தெரிந்த ஒரே வழி அது. கட்டிலில் போர்வைக்குள் பாடம் கேட்பேன். அதே அறையில் என் மேல்கட்டிலில் படுக்கும் கீழக்கரை சிராஜ் பாய்க்கு இது பெரிய வேடிக்கை. "டைரக்டரே, லைட்ட அணைக்கட்டுமா, இன்னும் ஷாட் இருக்கா?" என்பார்.

கட்டுரைக்கு நான் எடுத்துக்கொண்டது இங்கே திரையரங்கில் பார்த்த ஒரு புதுப் படம். தூர தேசத்து வேலைக்குக் கிளம்பும் ஒருவனின் கதை. கடைசி இரவில் மனைவி அறைக்கதவைச் சாத்துகிறாள். அடுத்த நொடி அவன் ரயில் நிலையத்தில் நிற்கிறான். அந்தத் தாவலில் நான் உறைந்துபோனேன். பிரிவைக் காட்டாமலே காட்டிவிட்டார் இயக்குநர் என்று பக்கம் பக்கமாக எழுதி அனுப்பினேன். அடுத்த வகுப்பில் எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்க, ஆசிரியர் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்.

"சார், நடுவுல ஒரு சீன் இருக்கு. படமே அந்த சீன்தான்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம். முத்தத்துக்கும் ரத்தத்துக்கும்தான் இங்கே சென்சார் கத்தரி விழும் என்று நம்பியிருந்தவன், வெட்டியவரின் வேலையை இயக்குநரின் மேதைமை என்று புகழ்ந்திருக்கிறேன். திரையரங்குக்குப் போய், என்ன வெட்டினார்கள் என்று எனக்குத் தெரிந்த அரபியில் கவுன்டரில் இருந்த ஓமானிப் பையனிடம் கேட்டேன். டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, "மாஃபி, கலாஸ்", இல்லை, முடிந்துவிட்டது என்று பரிவோடு கையை விரித்தான்.

படத்தை முழுதாகப் பார்த்துவிட்டு மாதக் கடைசிக்குள் திருத்தி எழுதச் சொல்லியிருக்கிறார் ஆசிரியர். படம் இன்னும் போனுக்கு வரவில்லை. எனக்கு லீவு அடுத்த வருடம்தான். பாஸ்போர்ட் கம்பெனி பீரோவில் இருக்கிறது. ஒரு காட்சியைப் பார்க்க ஊருக்குப் போகிறேன் என்று முதலாளியிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை.

எங்கள் ஊர்ப்பக்கம் அறந்தாங்கியில் அந்தப் படம் ஓடிக்கொண்டிருந்தது. மனைவி செல்வியைப் பார்க்கச் சொன்னேன். பார்த்துவிட்டு வந்தவள் போனில் பிடி கொடுக்கவில்லை. அதையெல்லாம் எப்படிச் சொல்வது என்றாள். பாடத்துக்கு என்று கெஞ்சிய பிறகு குரல் இறங்கியது.

"ஒண்ணுமில்லைங்க. கதவச் சாத்திட்டு வந்து அவன் மடியில படுத்துக்கிறா. ரெண்டு பேரும் பேசல. ரொம்ப நேரம் அப்படியே இருக்காங்க."

கேமரா எங்கே இருந்தது என்று கேட்டேன்.

"அது எனக்கு எப்படிங்க தெரியும்? நான் அவளத்தானே பாத்தேன்."

மூன்று முறை லீவு முடிந்து கிளம்பியிருக்கிறேன். மூன்று முறையும் முதல்நாள் இரவு எடை பார்ப்பதிலும் பெட்டி கட்டுவதிலும்தான் போயிற்று. அவள் எங்கே படுத்திருந்தாள் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

நேற்று அவளே கூப்பிட்டாள். பிள்ளைகளை அண்ணி வீட்டில் விட்டுவிட்டுத் தனியாக இன்னொரு தடவை படத்துக்குப் போனாளாம்.

"இந்தத் தடவை அவனப் பாத்தேன்" என்றாள்.

சொல்லு என்றேன். அவன் கை அவள் தலைமுடியில் இருந்ததாம். கண் மட்டும் மூலையில் கட்டி வைத்திருந்த பெட்டியின் மேல் இருந்ததாம்.