இழவு வீட்டுக்குச் சோறு

புளி வரத்து மாசியில்தான் சூடு பிடிக்கும். அதுவரை சும்மா கிடக்கிற கிடங்கை மலைமேல் ஜமுனாமரத்தூரில் இருக்கிற மண்டிக்காரர் சென்னை நாடகக் குழு ஒன்றுக்கு வாடகைக்கு விட்டார். கார்த்திகை முதல் தை முடிய மாதத்துக்கு ஒரு நாடகம். மூன்றுமே யூதர்களின் வாழ்க்கையைச் சொல்பவை. மலையிலேயே ஒத்திகை பார்த்து, முதல் ஆட்டத்தையும் அங்கேயே போட்டுவிட்டு, பிறகு கலசப்பாக்கம், வேலூர் என்று கீழே இறங்குவதாகத் திட்டம். வந்திறங்கிய பன்னிரண்டு பேருக்கும் பொங்கிப் போட ஓர் ஆள் தேவைப்பட்டது. குப்பம்மாள் போனாள்.

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. இரண்டு ஏக்கர் சாமைக் கொல்லை, நாலு புளியமரம், கணியம்பாடிப் பக்கம் கட்டிக்கொடுத்த ஒரே மகள். இவ்வளவுதான் அவள் சொத்து. பேச்சில் சிக்கனக்காரி. சமையலில் அப்படியில்லை. மூன்றாம் நாளே குழுவில் எல்லாருடைய பேண்ட்டும் இடுப்பில் இறுக ஆரம்பித்துவிட்டது.

யூதர்கள் என்றால் யார் என்று அவளுக்குத் தெரியாது. குழுவை நடத்துகிற தமிழ்மணியிடம் கேட்டாள். ஊர் ஊராக விரட்டப்பட்ட ஜனம் என்றும், நம் பக்கத்துக் கொச்சியிலேயே பல நூறு வருஷம் வாழ்ந்துவிட்டுக் கப்பலேறிப் போனவர்கள் உண்டு என்றும், எங்கே போனாலும் தங்கள் முறைகளை விடாதவர்கள் என்றும் தமிழ்மணி சொன்னாள். இங்கே வந்திருக்கிறவர்களில் யாராவது யூதரா என்று குப்பம்மாள் விசாரித்தாள். ஒருவரும் இல்லை. ஒருத்தர் தாம்பரம், ஒருத்தி திண்டுக்கல். பிறகு எதற்கு இத்தனை பாடு என்று அவளுக்கு விளங்கவில்லை. சோறு வடிக்கப் போய்விட்டாள்.

ஆனால் அடுப்படியிலிருந்து பார்த்தால் ஒத்திகை முழுக்கத் தெரியும். முதல் நாடகத்தில் வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் வீட்டுக்காரி விளக்கேற்றுகிறாள். அதற்கப்புறம் மறுநாள் பொழுது போகும் வரை யாரும் அடுப்பு மூட்டக் கூடாதாம், அது அவர்கள் சாமியின் கட்டளையாம். சமையல்காரிக்கு லீவு விட்ட சாமி என்று குப்பம்மாளுக்கு அந்தச் சாமியைப் பிடித்துப்போனது. பாவம், குழுவினர் அந்தக் கட்டளையை மேடையோடு நிறுத்திக்கொண்டார்கள். சனிக்கிழமை காலையிலும் அவர்களுக்கு இட்லி வேண்டியிருந்தது. இரண்டாவது நாடகத்தில் ஒரு கொச்சிக் குடும்பம் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புகிறது. பூட்டின கதவை அந்தப் பெண்பிள்ளை தடவிப் பார்த்த இடத்தில், குப்பம்மாள் குழம்பைத் தீயவிட்டாள்.

மூன்றாவது நாடகம்தான் அவளை உலுக்கியது. அது ஒரு சாவு வீட்டுக் கதை. புருஷனைப் பறிகொடுத்த பெண் ஏழு நாள் தாழ்வான பலகையில் உட்கார்ந்திருக்கிறாள். அந்த வீட்டில் முதல் சோறு அவர்கள் சமைத்ததாக இருக்கக் கூடாது. அக்கம்பக்கத்தார்தான் கொண்டுவர வேண்டும். அவித்த முட்டை, பருப்பு என்று உருண்டையான பண்டமாகக் கொண்டுவருவார்களாம். வருகிறவர்கள் வாசலில் நின்று கூப்பிடுவதில்லை. வந்து உட்கார்ந்துகொள்வார்கள். துக்கக்காரி வாயைத் திறக்கும் வரை அவர்களும் பேச மாட்டார்கள்.

குப்பம்மாள் அன்று சாப்பிடவில்லை. அவள் ஊரிலும் அதே முறைதான். சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியாது. இறந்தவனின் கூடப்பிறந்தவள் சோறு ஆக்கிக் கொண்டுவந்து, முதல் பிடியைத் தன் கையால் ஊட்ட வேண்டும். அதற்கப்புறம்தான் தாலி இழந்தவள் தண்ணீர்கூடக் குடிப்பாள்.

அவள் புருஷன் கண்ணாயிரம் கொரோனா இரண்டாம் அலையில் வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் செத்துப்போனான். உடம்பைக்கூடத் தரவில்லை. ஊரடங்கில் மகளாலும் வர முடியாமல், குப்பம்மாள் தனியாக மலையேறி வந்தாள். பயந்துபோயிருந்த ஊர் அவள் வீட்டுப் பாதையில் முள்ளை வெட்டிப் போட்டது. எதிர் வீட்டில்தான் கண்ணாயிரத்தின் தங்கை செவ்வந்தி இருந்தாள். அவள் வரவில்லை. அவளுக்கும் இரண்டு பிள்ளைகள், பயம் இருக்காதா? ஒரு பகல், ஓர் இரவு குப்பம்மாள் கதவைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். மறுநாள் தானே எழுந்து அடுப்பைப் பற்றவைத்துக் கஞ்சி காய்ச்சிக் குடித்தாள். அந்தக் கஞ்சியை அவளால் மறக்க முடியவில்லை. முள்ளை எடுத்த பிறகும் நாத்தனாரும் அவளும் பேசிக்கொள்ளவில்லை. எப்படிப் பேச்செடுப்பது என்று ஒருத்திக்குத் தெரியவில்லை, எதற்குப் பேச வேண்டும் என்று இன்னொருத்திக்குப் பிடிவாதம். நாலு வருஷம் ஆகப் போகிறது. செத்தால் தன் வாயில் அரிசி போடக்கூட ஊரில் ஆள் வராது என்கிற கவலை மட்டும் குப்பம்மாளை அரித்துக்கொண்டிருந்தது.

தை மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் அந்த நாடகத்தின் ஆட்டம். டிக்கெட் கிடையாது என்றதும் சுற்றுப்பட்டு ஊரெல்லாம் கிடங்கில் வந்து அடைந்துவிட்டது. சோறு கொண்டுவரும் பக்கத்து வீட்டுக்காரியாக நடிக்க வேண்டிய மஞ்சுளாவுக்குக் காலையிலிருந்து நூற்றுமூன்று டிகிரி காய்ச்சல். தமிழ்மணி நேராக அடுப்படிக்கு வந்தாள்.

“அக்கா, பேச்சே கிடையாது. பாத்திரத்தை வச்சிட்டு உக்காரணும், அவ்ளோதான்.”

குப்பம்மாள் முடியாது என்றுதான் முதலில் சொன்னாள். பிறகு மேடைப் பாத்திரத்தைத் திறந்து பார்த்தாள். உள்ளே ஒன்றுமில்லை. நாடகத்தில் அது காலிப் பாத்திரம்தான். துக்கக்காரி மூடியைத் திறப்பாள், சாப்பிடாமல் மூடிவிட்டுத் தன் வசனத்தைத் தொடங்குவாள். ஆனால் சாவு வீட்டுக்குக் காலிப் பாத்திரம் தூக்கிக்கொண்டு போக இந்த மலையில் யாருக்குக் கை வரும்? அவள் யாரிடமும் சொல்லாமல் சுடச்சுடச் சாமைச் சோறும் பருப்பும் போட்டு, மேலே இரண்டு முட்டையை உரித்து வைத்தாள்.

நாடகத்தில் சொன்ன முறைப்படியே அவள் குரல் கொடுக்காமல் நுழைந்து, பாத்திரத்தை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். மேடையில் துக்கக்காரியாக உட்கார்ந்திருந்த பூவிழி மூடியைத் திறந்தாள். குப்பென்று ஆவி வந்தது. அவளுக்கு வசனம் மறந்துபோய்விட்டது. குப்பம்மாளுக்கோ அது நாடகம் என்பதே மறந்துபோய்விட்டது. சோற்றைப் பிசைந்து ஒரு பிடி எடுத்துப் பூவிழியின் வாயருகே நீட்டினாள். பூவிழி வாங்கிக்கொண்டாள். மென்றுகொண்டே அவள் அழுத அழுகை நடிப்பா நிஜமா என்று இன்றுவரை அவளே சொன்னதில்லை.

அப்போதுதான் குப்பம்மாள் தலையை நிமிர்த்தினாள். தூணோரம் நின்றிருந்த செவ்வந்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போவது தெரிந்தது.

திரை விழுந்ததும் தமிழ்மணி ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். இனி எல்லா ஊரிலும் நிஜச் சோறுதான் என்று சொல்லிவிட்டாள். குப்பம்மாளின் காதில் அது ஏறவே இல்லை. நாத்தனாரை ஊர்க் கூட்டத்துக்கு நடுவில் வைத்துக் குத்திக்காட்டிவிட்டோமே என்றே இருந்தது. நாலு வருஷம் வாயைத் திறக்காமல் காத்த அவள் மானத்தை ஒரே பிடி சோற்றில் போக்கிவிட்டோம், இனி அந்த வீட்டுக் கதவு தனக்குத் திறக்கவே திறக்காது என்று நினைத்தாள்.

மறுநாள் காலை அவள் கிடங்குக்குக் கிளம்பத் தலை வாரிக்கொண்டிருந்தாள். கதவு சாத்தாமல் இருந்தது. மலையில் யாரும் வாசலில் நின்று குரல் கொடுக்காமல் அடுத்தவர் வீட்டுக்குள் நுழைவதில்லை. செவ்வந்தி நுழைந்தாள். கையில் துணி மூடிய குண்டான். அதை அண்ணியின் முன்னால் வைத்தாள். பாய் கிடந்தும் அதில் உட்காராமல் வெறுந்தரையில் உட்கார்ந்தாள். வாயைத் திறக்கவில்லை.

குப்பம்மாளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. நேற்று நாடகத்தில் பார்த்த முறை தவறாமல் உட்கார்ந்திருக்கிறாள் பாவி. துக்கக்காரி பேசாமல் இவள் பேசமாட்டாள். மன்னிப்பு என்கிற வார்த்தையை எங்கே வைத்துத் தொடங்குவது என்று தெரியாமல் நாலு வருஷம் தவித்தவளுக்கு, வார்த்தையே வேண்டாம், வந்து உட்கார்ந்தால் போதும் என்று ஒரு வழியை எங்கோ இருக்கிற ஜனம் கொடுத்துவிட்டது. கண்ணால் பார்த்திராத அந்த மனிதர்களைக் குப்பம்மாள் மனசாரக் கும்பிட்டாள். எந்த நாட்டில் இருந்தாலும் அவர்கள் பிள்ளைகுட்டியோடு நன்றாக இருக்க வேண்டும். யாரும் அவர்களை விரட்டாமல் இருக்க வேண்டும். தாம்பரத்திலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் அவர்கள் கதையைச் சுமந்துகொண்டு மலையேறி வந்தார்களே, இந்தப் பிள்ளைகளும் நன்றாக இருக்க வேண்டும்.

வெயில் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தது. செவ்வந்தி தரையைப் பார்த்தபடியே இருந்தாள். அவள் கன்னத்தில் வழிந்தது தாடையில் சொட்டியது. துடைத்துக்கொள்ளவில்லை.

குப்பம்மாள் சீப்பைக் கீழே வைத்தாள். நகர்ந்து வந்து நாத்தனாருக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

“உங்க அண்ணன் போனதுல இருந்து எனக்கு இன்னைக்குத்தாண்டி பசிக்குது,” என்றாள். “ஊட்டு.”