அப்பாவின் தட்டில் மீன் இல்லாத நாட்கள்

சென்ற பெப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை யாழ்ப்பாணம் போனேன். கோயில் குளம் பார்க்க அல்ல. தெல்லிப்பழைப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கும் என் அப்பா மூன்று மாதத்தில் ஆறு கிலோ மெலிந்துவிட்டார். எல்லாச் சோதனையும் செய்தாயிற்று, ஒரு நோயும் இல்லை என்றார்கள். என்னைப் போலவே பெற்றோரை இல்லத்தில் விட்டுவிட்டுத் தூரத்தில் இருப்பவர்களுக்கு உதவட்டும் என்று இதை எழுதுகிறேன்.

கொழும்புக் கோட்டையில் காலை 5.45க்கு ரயில். யாழ்ப்பாணத்தில் இறங்கப் பகல் பன்னிரண்டரை. பையில் பாதி இடத்தை அப்பாவுக்கென்று வாங்கிய புரத மா டின்களும் ஓட்ஸும் பிடித்திருந்தன. எங்கள் அலுவலகத்தில் இப்போது சோறு என்றாலே நஞ்சைப் போலப் பார்க்கிறார்கள். அந்தப் பைத்தியம் எனக்கும் கொஞ்சம் பிடித்திருந்தது. குருநகரில் தங்கை வீட்டில் தங்கினேன்.

மறுநாள் காலை 9.30க்குக் காங்கேசன்துறை பஸ். பதினைந்து கிலோமீற்றர், முக்கால் மணி நேரம். இறங்கி ஓட்டோவுக்கு 300 ரூபா. இல்லத்தின் பெயரைச் சொன்னதுமே ஓட்டோ அண்ணை, "ஆற்றை திவசம்?" என்று விசாரித்தார். யாரோ ஒருவரின் திவசத்துக்குச் சாப்பாடு கொடுக்க வந்தவள் என்று நினைத்துவிட்டார். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

பன்னிரண்டு மணிக்கு வாழையிலை போட்டார்கள். சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பொரியல், ரசம், வடை, அப்பளம், பாயசம். கனடாவில் இருக்கும் ஒருவர் தன் தகப்பனின் திவசத்துக்குக் கொடுத்தது. பல் இல்லாத அப்பா வடையைத் தொட்டுப் பார்த்து ஓரமாக வைத்தார். ரசத்தில் குழைத்து நாலு வாய், அவ்வளவுதான். அறுபது வருடம் கடலோடும் மீனோடும் கிடந்த மனுசன்.

இல்லத்தின் பொறுப்பாளர் நாற்பது வயதுப் பெண். அவரிடம் கோபமாகத்தான் கேட்டேன். அவர் பதிவுக் கொப்பியை விரித்துக் காட்டினார். அந்த மாதத்தில் இருபத்துமூன்று நாள் யாரோ ஒருவரின் திவசம், பிறந்தநாள், கலியாண நாள். எல்லாம் சைவ விருந்து, மிஞ்சியதே இரவுக்கும். மிச்ச நாட்களில்தான் சமையலறை மீனோ முட்டையோ சமைக்கலாம்.

"சில பேருக்கு இந்தச் சாப்பாடு ஒத்துவராதெண்டு எங்களுக்குத் தெரியும், அக்கா. வேண்டாமெண்டு சொன்னால் குடுக்கிறவை வேறை இடத்துக்குக் குடுத்திடுவினம்," என்றார்.

ஏன் ஒருவரிடமும் சொல்லவில்லை என்று அப்பாவைக் கேட்டேன். செத்தவர்களை நினைத்துக் கொடுக்கும் சாப்பாட்டில் குறை சொல்லக் கூடாதாம். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அம்மாவின்ரை நாளுக்கு நீயும் உந்தச் சாப்பாட்டைத்தானே குடுத்தனி, பிள்ளை. அவள் மீனில்லாமல் ஒருநாள் சோத்திலை கை வைச்சவளே?"

உண்மைதான். ஒக்டோபரில் அம்மாவின் நினைவு நாளுக்கு, எல்லாரும் கொடுப்பது போலவே கொடுங்கள் என்று தொலைபேசியில் சொல்லிவிட்டு என் வேலையைப் பார்க்கப் போனவள் நான். அதுவும் மீனவர் ஊரான குருநகரில் பிறந்தவள்.

வியாழன் காலை குருநகரில் விளைமீன் வாங்கி, முள் எடுத்து, தேங்காய்ப்பாலில் சொதி வைத்தேன். இல்லத்தில் மாலை ஐந்தரைக்கே இரவுச் சாப்பாடு, அந்த நேரத்துக்கு இடியப்பத்தோடு கொண்டுபோனேன். அப்பா ஐந்து இடியப்பம் சாப்பிட்டார். பக்கத்துக் கட்டிலில் இருந்த, பாஷையூர்க் கடற்கரையைச் சேர்ந்த ஐயா மணம் பிடித்து எழுந்து உட்கார்ந்து, "நாளைக்கும் வருவியளோ?" என்று கேட்டார். நான் ஒருவருக்கு மட்டும்தான் கொண்டுபோயிருந்தேன். மறுநாள் எனக்கு ரயில்.

இல்லங்களுக்குச் சாப்பாடு கொடுக்க நினைப்பவர்களே, விருந்தைத் தீர்மானிக்காதீர்கள், அந்த நாளுக்கான காசை மட்டும் கொடுங்கள். யாருக்குப் பல் இல்லை, யாருக்கு நீரிழிவு வருத்தம், யார் மீன் சாப்பிடுபவர் என்று சமையலறைக்குத் தெரியும். பார்க்கப் போனால் சாப்பாட்டு நேரத்துக்குப் போங்கள். பதினொரு மணிக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டு திரும்பினால் ஒன்றும் தெரியவராது. நான் இப்போது கொழும்பிலிருந்து காசு அனுப்பி, புதன்கிழமை இரவுச் சாப்பாட்டைப் பொறுப்பெடுத்திருக்கிறேன். மீன் சாப்பிடும் எல்லாருக்கும் மீன் சொதி, மற்றவர்களுக்குச் சமையலறை நினைப்பது.

சென்ற வாரம் அப்பா தானாகவே தொலைபேசி எடுத்தார். சமையலறை வைத்த சொதியில் தேசிப்புளி கூடிப்போச்சாம், மீன் முதல்நாள் மீனாம், மனுசர் இப்படியும் சமைப்பார்களா என்று பத்து நிமிடம் ஏசினார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. எத்தனை இடியப்பம் சாப்பிட்டீங்கள் என்று கேட்டேன்.

ஆறு என்றார்.