மேகம் பார்த்து ஃபோன் வரும்

சோலார் பேனல் மாட்டும் தொழிலில் ஏணி ஏறுவது சுலபம், இறங்கிய பிறகுதான் கஷ்டம். மாட்டி முடித்த பிறகும் வாடிக்கையாளரிடம் சிக்கியவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

கூடினாலும் புகார்

புத்தூரில் ஒரு ரிட்டயர்ட் ஆடிட்டர். பேனல் கணக்கைக் காட்டும் அவர் செல்ஃபோன் ஆப்பில், பளிச்சென்ற வெயிலில் வருவதைவிட மேகம் சூழ்ந்த மதியத்தில் மின்சாரம் அதிகமாகக் காட்டியதாம். "மீட்டர் பொய் சொல்லுது" என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். வானத்தில் திட்டுத் திட்டாக வெள்ளை மேகம், நடுவே சூரியன். "நேர் வெயிலோட, பக்கத்து மேகங்களோட ஓரத்துல பட்டுத் திரும்பற வெளிச்சமும் சேர்ந்து விழுதுங்க சார். வெள்ளைச் சுவர் பக்கத்துல நின்னா கண் கூசற மாதிரி" என்றேன். கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "அப்ப பேனலோட ரெண்டு மேகத்தையும் மாட்டிட்டுப் போயிருக்கலாமே."

எதிர் வீட்டு வெயில்

ஸ்ரீரங்கத்தில் ஒரு மாமி. எதிர் வீட்டிலும் நான்தான் பேனல் மாட்டினேன், அதே அளவு. ஒருநாள் பத்து மணிக்கு அங்கே அதிகம், இங்கே பாதிதான் என்று ஃபோன். மேகம் ஒரே சீராக இல்லாவிட்டால் ஒரு மாடியில் நிழலும் அடுத்த மாடியில் வெயிலும் விழும், கொஞ்ச நேரத்தில் மாறிவிடும் என்று விளக்கினேன். மாமி காபி கொடுத்தார். ஆனால் விடவில்லை. "பெருமாள் எல்லாருக்கும் பொதுவாத்தானே வெயிலை அனுப்பறார், நடுவுல நீங்க என்ன பண்ணினேள்?"

துறையூர் வெங்காயம்

இதில் சிரிக்க ஒன்றுமில்லை. துறையூர்ப் பக்கம் ஒரு விவசாயி, சோலார் மோட்டாரை நம்பிச் சின்ன வெங்காயம் நட்டிருந்தார். மூன்று நாளாக மோட்டார் ஓடவில்லை, பயிர் துவண்டுவிட்டது. "அவர் மோட்டாரைத் திருப்பிக் கொடுத்தா, நீயும் திரும்பி வர வேண்டாம்" என்றார் முதலாளி.

பைக்கில் போனேன். ஒயரைச் சோதித்தேன், பேனலைத் துடைத்தேன். எல்லாம் சரி. வானம்தான் சரியில்லை. விரித்த பாய் போல ஒரே மேகம், விழுகிற வெயிலில் பெரும்பகுதியை மேலேயே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. "இதே மேகம் அங்கங்க கிழிஞ்சிருந்தா இடுக்கு வழியா வெயில் இறங்கிடுமுங்க" என்றேன். வரப்பில் இருவரும் உட்கார்ந்திருந்தோம்.

இரண்டு மணிக்கு மேல் மேகம் பிளந்தது. மோட்டார் முனகியது, பிறகு குழாய் நிறையத் தண்ணீர். அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடை திறக்கப் போனார். திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "நீங்க ஒண்ணும் செய்யலைங்க தம்பி, ஆனா கூப்பிட்டதும் வந்தீங்க."

பேனலுக்குக் கம்பெனி வாரண்டி உண்டு, வானத்துக்கு நான்தான் வாரண்டி.