நேற்றைய செய்தியின் வால்

சாயங்காலம் ஆறு முப்பத்தைந்துக்குக் கரண்ட் போனது. வானொலியில் செய்தி வாசித்துக்கொண்டிருந்தவரின் குரல் தேய்ந்து அடங்க, சூடேறிய பிளாஸ்டிக் வாடை மட்டும் அந்த ஐப்பசி இருட்டில் மிஞ்சியது. அம்மா தடவிப்போய் டேப்ரெக்கார்டரின் பட்டனைத் தூக்கிவிட்டாள். அமுக்கியபடியே விட்டால், கரண்ட் திரும்பியதும் கண்ட பாட்டையும் அது பதிந்துவிடும்.

எண்பதுகளின் தொடக்கம் அது. உத்திரமேரூர் பக்கம் செய்யாற்றங்கரையில் இருந்த எங்கள் ஊருக்குச் செய்தித்தாள் மறுநாள் பஸ்ஸில்தான் வரும். வானொலிச் செய்தி வரும் நேரத்தில் ஆட்கள் கழனியிலிருந்து திரும்பியிருக்க மாட்டார்கள், அவர்கள் வீடு சேரும் நேரத்தில் வானொலியில் வேறு ஏதோ ஓடும். அதனால் என் அப்பா, நாங்கள் அழைப்பதுபோல் சொன்னால் "நைனா", ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். வானொலியும் டேப்பும் சேர்ந்த பெட்டியில் அம்மா செய்தியைப் "புடிச்சி" வைப்பாள். பிறகு தெருவே எங்கள் வாசலில் உட்கார்ந்து கேட்கும். இருந்தது ஒரே கேசட். தினமும் முதலிலிருந்து, முந்தைய நாள் செய்தியின் மேலேயே பதிவாகும்.

"அந்த மனுசன டப்பாவுக்குள்ள அடைச்சி வெச்சிக்கிறியே அண்ணே, சோறு கீறு போடறியா?" என்று எதிர்வீட்டு எல்லம்மா அத்தை நைனாவைச் சீண்டுவாள்.

கரண்ட் போன அன்று என் அண்ணன் குமரேசன் விதைநெல்லை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு, ஆற்றைத் தாண்டி அக்கா வீட்டுக்குப் போக வேண்டும். பாலம் தூரம், எல்லோரும் மணலில் இறங்கித்தான் கடப்போம். வானிலை கேட்டுவிட்டு வண்டி கட்டலாம் என்று நைனா சொல்லியிருந்தார். கரண்ட் வந்ததும் கேசட்டைச் சுற்றிவிட்டு ஓடவிட்டார்.

"நடுவுல கரண்ட் பூட்ச்சி. முழுசா புடிக்கல," என்றாள் அம்மா.

முதலில் அன்றைய தலைப்புச் செய்திகள். பிறகு ஒரு சின்ன "கிறீச்", அதன்பின் குரல் தெளிவாகத் தொடர்ந்தது.

"இத நேத்தே சொன்னாங்கல்ல?" என்றாள் எல்லம்மா அத்தை.

"என்னிக்குத்தான் புதுசா சொல்லிகீறாங்க?" என்று யாரோ கேட்க, வாசலே சிரித்தது. கடைசியில் வறண்ட வானிலையே நிலவும் என்றார் வாசித்தவர். வணக்கமும் சொன்னார்.

நைனா அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். "வணக்கம் வரிக்கும் கீது. முழுசா இல்லியாம்! டேய், வண்டியக் கட்டுடா."

அந்தக் "கிறீச்"சுக்கு முன்னால் இருந்தது இன்று, பின்னால் இருந்தது நேற்று. மேற்கே மலைப்பக்கம் பெருமழை, ஆற்றோரத்தில் எச்சரிக்கை என்ற செய்தி எங்கள் கேசட்டுக்கு வந்துசேரவேயில்லை. எங்கள் தலைக்கு மேல் ஒரு தூறல்கூட இல்லை. வண்டிக்கு அடியில் ஆடிய அரிக்கேன் வெளிச்சம் கரையிறங்கி மறைவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். விடிந்தபோது மணல் இருந்த இடத்தில் செந்தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது எனக்கு வெளியூரில் படிக்கும் மகள் இருக்கிறாள். மழைக்காலம் வந்தால் கைப்பேசியில் அவள் ஊர் வானிலையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். சிக்னல் இல்லாதபோதும் அது வெயில் படத்தைக் காட்டும். முன்பு எடுத்துவைத்ததைத்தான் காட்டுகிறது என்று மகள் ஒருநாள் விளக்கிச் சொன்னாள். அந்தப் பெட்டி இல்லை, கேசட் இல்லை, லாரிகள் அள்ளிப்போனபின் அந்த மணலும் இல்லை. "முழுசா புடிக்கல" என்று அம்மா சொன்னதைக் கேட்டவர்களில் நான் மட்டும்தான் மிச்சம்.

வண்டி போன மறுநாள் முழுக்க அண்ணனைக் கரையோரம் தேடினோம். அதற்கு அடுத்த நாள் உச்சிவேளையில், ஆற்றின் கீழ்ப்பக்கம் காவாந்தண்டலத்திலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் எங்கள் மாடுகள் இரண்டையும் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"கொம்புல பச்ச பெயிண்ட்டு யாரு மாடுன்னு விசாரிச்சிக்கினே வந்தேன். ரெண்டும் நீந்திக் கரையேறிடிச்சிங்க. நொகத்தடில மாட்ட கட்ற பூட்டாங்கவுறு அறுந்து போவலண்ணே, யாரோ அவுத்து வுட்டுகீறாங்க," என்றவர், எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "வண்டில ஆளு இருந்துச்சா?"